கேள்வி கேட்டால் குற்றமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

செப்டம்பர் 17, உலக நோயாளர் பாதுகாப்பு நாளுக்குத் தங்கள் நாளிதழ் போட்ட கட்டுரை படித்தேன். 2025இல் அந்த நாளின் கருப்பொருளே பச்சிளம் குழந்தைகளும் சிறாரும்தான் என்பது தாங்கள் அறியாததல்ல. அதில் போய், 'கேள்வி மேல் கேள்வி கேட்டுப் பணியாளர்களின் கவனத்தைச் சிதறடிக்கும் பெற்றோரும் தவறுகளுக்குக் காரணம்' என்று ஒரு வரி. எழுதிய புண்ணியவான் காய்ச்சல் பிள்ளையோடு ராத்திரி ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தவராக இருக்க மாட்டார்.

என் பேரன் எட்டுக் கிலோ. காரைக்குடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் காட்டினோம். சீட்டில் பாராசிட்டமால் 5 மில்லி என்று இருந்தது. சிரப்பா, டிராப்ஸா என்று இல்லை, எடையும் எழுதவில்லை. மருந்து கவுன்ட்டரில் டிராப்ஸை எடுத்துக் கொடுத்தார்கள். 125 சிரப் என்றால் 5 மில்லியில் 125 மில்லிகிராம்தான், அவன் எடைக்குச் சரி. அந்த டிராப்ஸில் ஒரு மில்லியிலேயே 100. ஆக, நாலு மடங்கு உள்ளே போயிருக்கும். மருமகள் பாட்டிலைத் திருப்பிப் படித்துவிட்டுக் கேட்டதற்கு, "ரெண்டும் ஒண்ணுதாம்மா, குடுங்க" என்று பதில். அவர்கள் கவனத்தைச் சிதறடித்தது அவள் குற்றம்தான்.

சரி, அது போகட்டும். எங்கள் பக்கம் ஐயா பெயரைப் பேரனுக்கு வைப்பது தங்களுக்குத் தெரியும். இதே பிள்ளை சளியில் படுத்திருந்தபோது வார்டில் இவனோடு சேர்த்து இரண்டு மெய்யப்பன். நர்ஸ் ஊசியோடு வந்து "மெய்யப்பன் யாரு?" என்றால் இரண்டு ஆத்தாமாரும் எழுந்து நிற்கிறார்கள். கையில் ஒரு பெயர்ப்பட்டை கிடையாது. பில் போடும்போது மட்டும் இனிஷியல், அப்பா பெயர், ஆதார் எல்லாம் வேண்டும்.

நர்ஸ் பிள்ளைகளை நான் குறை சொல்லவில்லை. ராத்திரியில் ஒருத்தியே முழு வார்டையும் பார்த்தால் அவள்தான் என்ன செய்வாள்? அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை. இதையெல்லாம் முன்பே எழுதி அனுப்பினேன், பிரசுரமாகவில்லை. அந்த வாரம் செட்டிநாட்டுப் பலகாரத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். கந்தரப்பம் படம் நன்றாக வந்திருந்தது.

நான் கேட்பது பெரிதில்லை. பிள்ளைகளுக்கு எழுதும் சீட்டில் எடையைக் கிலோவிலும், மருந்தை மில்லிகிராம், மில்லி இரண்டிலும் எழுதச் சொல்லுங்கள். சிரப்புக்கும் டிராப்ஸுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு சின்னக் கட்டம் கட்டிப் போடுங்கள். வீட்டு ஸ்பூனில் அளக்காமல் பாட்டிலோடு வரும் மூடியிலோ சிரிஞ்சிலோ அளக்க வேண்டும் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். கந்தரப்பத்துக்குக் கொடுத்த இடத்தில் கால்வாசி போதும்.

இப்படிக்கு,
ஓர் அப்பத்தா,
தேவகோட்டை