பிரஸ்ஸைப் பரணில் போடுமுன்

ஆசிரியர் அவர்களுக்கு,

காப்பிப் பொடியைத் தண்ணீரில் ஊறவைத்து, வலை பொருத்திய தண்டை அழுத்தி வடிக்கும் பிரெஞ்சு பிரஸ் குடுவை இப்போது நம் பாத்திரக் கடைகளிலேயே கிடைக்கிறது. வாங்கிய பலர், 'கஷாயமாகக் கசக்கிறது, அடியில் சேறு தங்குகிறது' என்று பரணில் போட்டுவிடுகிறார்கள். ஃபில்டருக்கு அரைத்த பொடியை அதில் போட்டால் அப்படித்தான் ஆகும்.

ஃபில்டரில் தண்ணீர் பொடி வழியாகச் சொட்டி இறங்குகிறது. அதற்கு நைஸ் பொடி சரி. பிரஸ்ஸிலோ பொடி 4 நிமிடம் தண்ணீரிலேயே ஊறுகிறது. நைஸாக இருந்தால் கசப்பெல்லாம் இறங்கிவிடும், வலைக்கண்ணும் அடைபடும். அரைக்கும் கடையில் 'கோதுமை ரவை பதம், சிக்கரி வேண்டாம்' என்று கேளுங்கள். விரலில் தேய்த்தால் மணிமணியாக நெருட வேண்டும். காப்பி-சிக்கரி கலவையில் 49 சதவீதம் வரை சிக்கரி இருக்கச் சட்டமே இடம் தருகிறது. பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். கடைக்காரர்கள் அரைத்த பதத்தையும் அதில் அச்சிட்டால் புண்ணியம்.

அரை லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் பொடி. குடுவையை முதலில் வெந்நீரில் அலசுங்கள். கொதித்த தண்ணீரை இறக்கி அரை நிமிடம் கழித்து ஊற்றி, மரக்கரண்டியால் கிளறி, தண்டை அழுத்தாமல் மூடி வையுங்கள். 4 நிமிடம் ஆனதும் மெதுவாக, 20 விநாடியாவது எடுத்து அழுத்துங்கள். பாதியில் இறுகினால் பலம் காட்டாதீர்கள். சுடுதண்ணீர் பக்கவாட்டில் பீறிட்டுக் கையைப் பொசுக்கும். ஓர் அங்குலம் மேலே இழுத்து மறுபடி இறக்கினால் வழி விடும். உடனே முழுவதையும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். குடுவையிலேயே விட்டால் கசப்பு ஏறிக்கொண்டே போகும்.

இது டிகாக்‌ஷன் அல்ல. அரை டம்ளர் பாலில் விட்டால் கழுநீர்தான். பால் சேர்ப்பதானால் தண்ணீரைக் கால் லிட்டராகக் குறைத்து, பாலையும் கொஞ்சமாக விடுங்கள். டவரா-டம்ளர் காப்பிக்கு ஃபில்டரை விட்டால் வேறு கதியில்லை.

கொலஸ்ட்ரால் உள்ளவர்கள் தினமும் இதைக் குடிக்க வேண்டாம். காகித வடிகட்டி பிடித்துக்கொள்ளும் கஃபெஸ்டால் என்ற எண்ணெய்ப் பொருளை உலோக வலை அப்படியே விட்டுவிடும். கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றுவது அதுதான்.

கழுவும்போது தண்டின் அடியைத் திருகிக் கழற்றுங்கள். கழற்றாமல் குழாயில் காட்டினால் எண்ணெய் வலைக்குள் நின்று காறிப்போய், மறுநாள் முதல் வாயிலேயே அந்த வாடை அடிக்கும். திரும்ப மாட்டும்போது மேலே சுருள் தட்டு, நடுவில் வலை, அடியில் குறுக்குத் தட்டு.

– வாசகர், கும்பகோணம்