மூன்று பேதுருக்கள்

அன்புள்ள மலர்,

புளோரன்சில் உனக்கு அரை நாள்தான் என்றால் உஃபீசி ஓவியக்கூடத்தை இன்னொரு முறைக்கு வைத்துக்கொள். ஆர்னோ ஆற்றைத் தாண்டி சாந்தா மரியா தெல் கார்மினே கோயிலுக்குப் போ. அங்குள்ள பிரான்காச்சி சிற்றாலயத்தின் சுவர்களில்தான் இயேசுவின் சீடர் புனித பேதுருவின் வாழ்க்கை ஓவியங்களாக இருக்கிறது. முன்பதிவு செய்துவிடு. உள்ளே நிற்கவிடும் நேரம் குறைவு என்பதால், இடப்பக்கச் சுவரின் மேல்வரிசையில் இருக்கும் ‘வரிப்பணம்’ என்ற ஓவியம் ஒன்றுக்கே பாதி நேரத்தைக் கொடு.

1424 வாக்கில் மசோலினோ, மசாச்சோ என்ற இரு ஓவியர்கள் தொடங்கிய வேலை இது. ‘வரிப்பணம்’ மசாச்சோ வரைந்தது. ஒரே படத்தில் பேதுரு மூன்று முறை வருகிறார். இடமிருந்து வலமாகப் பார்த்துக்கொண்டு போனால் கதை குழம்பும், நடுவில் தொடங்கு. வரி கேட்பவன் நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறான். மீனின் வாயில் காசு இருக்கும், அதை எடுத்து வரி கட்டு என்று பேதுருவிடம் சொல்லி இயேசு ஏரிப்பக்கம் கை நீட்டுகிறார். அடுத்து இடக்கோடியைப் பார்: பேதுரு மஞ்சள் போர்வையைக் கழற்றி வைத்துவிட்டு, குந்தி உட்கார்ந்து மீனின் வாயிலிருந்து காசை எடுக்கிறார். அப்புறம் வலக்கோடி: அதே வரிக்காரன் கையில் காசை வைக்கிறார்.

வலப்பக்கக் கட்டடத்தின் சாய்கோடுகளைக் கண்ணாலேயே நீட்டிப் பார். எல்லாம் இயேசுவின் தலையில் போய்ச் சேரும். (அந்தத் தலையை மட்டும் மசோலினோ வரைந்தார் என்பது பலரின் கருத்து.) நிழல்கள் இடப்பக்கம் விழுகின்றன. பீடத்துக்கு மேலிருக்கும் நிஜச் சன்னல் வலப்பக்கம் இருப்பதால், அதிலிருந்து வெளிச்சம் வருவதுபோலவே தீட்டியிருக்கிறார். படத்தை அச்சில் பார்த்தால் இது பிடிபடாது.

சின்ன பைனாகுலர் கொண்டுபோ. இங்கே போல ஈரச் சுண்ணாம்புப் பூச்சில் வரைவது என்றால் அன்றன்று முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டுமே பூசுவார்கள். நீரில் குழைத்த நிறம், சுண்ணாம்பு காற்றுப் பட்டு இறுகும்போது அதோடு கல்லாகிவிடும். காய்ந்துவிட்டால் பிடிக்காது. மறுநாள் பூச்சு முந்தைய நாளின் விளிம்பில் லேசாக ஏறும்; ஆள் உருவங்களைச் சுற்றி அந்த இணைப்பைத் தேடு. அசுரைட் என்ற கனிமத்திலிருந்து வரும் நீலத்தைக் காய்ந்தபின் பசை சேர்த்துப் பூசுவார்கள். அதனால்தான் சுவரோவியங்களில் முதலில் உதிர்வது நீலம்.

மசாச்சோ 1428-இல் ரோமில் இறந்துபோனார், முப்பதுகூட ஆகவில்லை. மீதியை 1480களில் பிலிப்பினோ லிப்பி முடித்தார். 1771 தீவிபத்தில் படிந்த கரியை 1980களில்தான் சுத்தம் செய்தார்கள். அதே சிற்றாலயத்தில் இருக்கும் ஆதாம் ஏவாள் உருவங்கள் மீது பிற்காலத்தில் வரைந்து சேர்த்த இலைகளும் அப்போதுதான் போயின, நல்லதாயிற்று.

நேரம் மிச்சமிருந்தால் பீடச் சுவரில் ஞானஸ்நானக் காட்சியைப் பார். தன் முறைக்குக் காத்திருப்பவன் குளிரில் கையைக் கட்டிக்கொண்டு நடுங்குகிறான்.

அன்புடன்,
அம்மா