புது போன் வேண்டாம், சித்தி

அன்புள்ள சித்தி,

தீபாவளிக்கு நல்ல கேமரா உள்ள போன் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். கையில் இருக்கும் பழைய போனே போதும். அந்தக் காசில் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறி அடிக்கடி பினாங்கு ஜோர்ஜ்டவுன் வந்து போங்கள்.

நீங்கள் அனுப்பிய படங்களில் மூலை முடுக்கெல்லாம் ஒரே வெளிச்சம். அது போனின் வேலை. எதிரில் இருப்பதையெல்லாம் சராசரி பார்த்து, இருட்டு அதிகமாக இருந்தால் தானாகவே வெளுக்க வைத்துவிடும். ஒன்று விடாமல் தெரிய வேண்டும் அதற்கு. நமக்கு அப்படி இல்லையே.

லிட்டில் இந்தியாவில் லெபோ பாசார் பக்கம் அஞ்சடியில், அதுதான் கடைகளுக்கு முன்னால் ஓடும் நடைபாதையில், நின்று பாருங்கள். மேலே கூரை, ஒரு பக்கம் கடைச்சுவர், மறுபக்கம் திறந்த தெரு. வெளிச்சம் ஒரு பக்கமாகத்தான் உள்ளே வரும். ஸ்டூடியோவில் விளக்கு வைத்துச் செய்வதை அந்தக் காலத்துக் கடைவீடுகள் சும்மாவே செய்து தருகின்றன. பூ கட்டும் அக்கா அங்கே உட்கார்ந்திருந்தால் முகத்தில் பாதி வெளிச்சம், பாதி நிழல். திரையில் வெளிச்சம் விழும் கன்னத்தை விரலால் தொடுங்கள். பக்கத்தில் சின்னதாக ஒரு சூரியன் வரும், அதைக் கீழே இழுங்கள். சில போன்களில் சூரியனுக்குப் பதில் கூட்டல் கழித்தல் குறி இருக்கும். பின்னாலிருக்கும் பிளாஸ்டிக் வாளி, விலை அட்டை, தொங்கும் கயிறு எல்லாம் இருட்டுக்குள் போய், முகமும் மல்லிகையும் மட்டும் மிஞ்சும். விரலை அழுத்திப் பிடித்தால் பல போன்களில் அந்த அளவு அப்படியே நின்றுவிடும், அக்கா நிமிரும்வரை காத்திருக்கலாம். (கேட்டுவிட்டு எடுங்கள். வேண்டாம் என்றால் பூவை எடுங்கள், பூ கோபித்துக்கொள்ளாது.)

ஜூம் பக்கமே போகாதீர்கள். இந்த மாதிரி போனில் அது படத்தின் நடுவை வெட்டிப் பெரிதாக்குகிறது, அவ்வளவுதான். லெபோ குவீன் மகா மாரியம்மன் கோயில் கோபுரத்தை அப்படி இழுத்தால் சிலைகளின் முகமே கரைந்துவிடும். மழை விட்டதும் போங்கள். ரோட்டில் தேங்கிய தண்ணீருக்கு அருகே குனிந்து, லென்ஸ் கீழே வருகிற மாதிரி போனைத் தலைகீழாகப் பிடியுங்கள். கால் சாண் தண்ணீரில் முழுக் கோபுரமும் விழும்.

அப்புறம் நேரம். இங்கே உச்சி வெயில் 12 மணிக்கு இல்லை. 1982இல் மலேசியத் தீபகற்பத்துக் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளிவிட்டார்கள். அதனால் பினாங்கில் சூரியன் உச்சிக்கு வர ஏறக்குறைய 1:20 ஆகிவிடும். காலை 9 மணிக்குக்கூட வெயில் சாய்வாகத்தான் இருக்கும், பசியாறிவிட்டே கிளம்பலாம். மத்தியானம் அஞ்சடியை விட்டு வெளியே வராதீர்கள்.

ஆர்மேனியன் ஸ்திரீட்டில் 2012இல் எர்னெஸ்ட் சகாரெவிச் வரைந்த சைக்கிள் பிள்ளைகள் ஓவியத்தையும் எடுக்கத்தான் போகிறீர்கள். எடுங்கள், ஆனால் அந்தப் படம் எல்லார் போனிலும் இருக்கிறது. எனக்கென்னவோ, அதன் முன்னால் வரிசை கட்டி நின்று தலைமுடி சரிசெய்பவர்களைப் பார்ப்பதுதான் சுவாரஸ்யம்.

ஏர்கோன் காரிலிருந்து இறங்கியதும் லென்ஸில் ஆவி படியும், கொஞ்சம் பொறுங்கள். ரொட்டி சானாய் தின்ற கையோடு போனைத் தொட்டால் லென்ஸைத் துடைத்துவிடுங்கள். நீங்கள் அனுப்பிய விளக்குப் படங்களில் சுடரைச் சுற்றி மங்கலாக இருந்தது அந்த எண்ணெய்தான் என்று நினைக்கிறேன்.

எடுத்ததை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள். இல்லாவிட்டால் அது சுருக்கிச் சுருக்கி, நீங்கள் பாடுபட்டுப் பிடித்த இருட்டெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். எப்படி என்று சித்தப்பாவைக் கேளுங்கள், அவருக்குத் தெரியும்.

அன்புடன்,
உங்கள் அக்கா மகள்