அரிராங் பாடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கொரிய நாடகங்களையும் பாடல்களையும் கொண்டாடும் தமிழ் ரசிகர் குழுக்களுக்கு, வணக்கம்.

உங்கள் விழாக்களில் அரிராங் என்ற கொரிய நாட்டுப்புறப் பாட்டு ஒலிப்பதில் எனக்கு நிறைந்த மகிழ்ச்சி. ஆனால் பாட்டுக்கு முன்னால் சொல்லும் அறிமுகம்தான் மனதை உறுத்துகிறது. 'கைவிட்டுப் போன காதலனுக்கு ஒரு பெண் விடும் சாபம்' என்று சொல்லி முடித்துவிடுகிறீர்கள். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள்.

என்னை விட்டுப் போகிறவர் பத்து ரி தாண்டுவதற்குள் அவருக்குக் கால் நோவு கண்டுவிடும் என்கிறாள் பாட்டில் வரும் பெண். பத்து ரி என்பது ஏறக்குறைய 4 கிலோமீட்டர். அவன் நாசமாய்ப் போகட்டும் என்று நினைப்பவள் இவ்வளவு பக்கத்திலா அவனை நிறுத்துவாள்? அங்கிருந்து நொண்டிக்கொண்டாவது வீடு வந்து சேர்ந்துவிடலாம். பாட்டில் அவன் ஏறிப் போகிற அரிராங் கணவாயைத் தாண்டிவிட்டால்தான் ஆள் கைக்கு எட்டமாட்டான். நம் பாலைப் பாடல்களில், காதலனோடு போய்விட்ட மகளின் மெல்லிய கால்கள் சுரத்து வெயிலில் என்ன பாடுபடுமோ என்று தாய் கலங்குவாள். இவள் கால் நோகட்டும் என்கிறாள். இரண்டும் பிரிவைத் தாங்க முடியாத மனசு பேசுகிற பேச்சுதான்.

அப்புறம், இன்று எல்லோரும் பாடும் மெட்டு பரவியது 1926இல் நா உன்-கியூ எடுத்த 'அரிராங்' என்ற மௌனப் படத்தின் வழியாக. அப்போது கொரியா ஜப்பானின் பிடியில் இருந்தது. சித்திரவதையில் மனம் பேதலித்த இளைஞன் ஒருவன், ஜப்பானியருக்கு வேண்டிய ஒருவனைக் கொன்றுவிடுகிறான். கைகள் கட்டப்பட்டுக் கணவாய் வழியே அவன் கொண்டு செல்லப்படும்போது இந்தப் பாட்டு வருகிறது. கொரியர்கள் அதில் தங்கள் நாட்டையே கண்டார்கள். படத்தின் பிரதி இன்று இல்லை, பாட்டு இருக்கிறது. யுனெஸ்கோ பட்டியலில் 2012இல் தென்கொரியாவின் அரிராங்கும் 2014இல் வடகொரியாவின் அரிராங்கும் சேர்ந்தன. எல்லைக்கு இரு பக்கமும் உறவுகளைப் பிரிந்தவர்கள் இருக்கும்போது, 'விட்டுப் போகிறவர்' என்ற சொல் ஒரு காதலனோடு எப்படி நிற்கும்?

உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஜொங்சொன் மலைநாட்டில் வேறு மெட்டில் பாடும் அரிராங்கையும் ஒருமுறை மேடையேற்றுங்கள். வெள்ளம் வந்ததால் அவுராஜி என்ற இடத்தில் ஆற்றின் இரு கரைகளில் பிரிந்து நின்ற காதலர்களின் கதையை அதோடு சேர்த்துச் சொல்வார்கள். படகுக்காரரே, என்னை அக்கரை சேர்த்துவிடும், காய்களெல்லாம் உதிர்கின்றன என்று கெஞ்சுகிற பாட்டு அது. நீட்டி நீட்டிப் பாடுவார்கள், அவசரமே இருக்காது. துள்ளலாகத்தான் வேண்டும் என்றால் ஜிந்தோ தீவின் அரிராங் இருக்கிறது. ஆட்டத்துக்கு அதை எடுத்துக்கொள்ளுங்கள். கணவாய்ப் பாட்டை மட்டும் வேகம் கூட்டாமல், அதன் மூன்று தட்டுத் தாளத்திலேயே பாடுங்கள். அறிமுகத்துக்கு இரண்டு நிமிடம் கிடைத்தால் அந்த 4 கிலோமீட்டரைப் பற்றிச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் விழாக்களுக்கு வரும் ஒரு ரசிகை