குல்தீப் நய்யாரும் அந்த ஒரு செய்தியும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அரசின் செய்தித் தொடர்பாளராக இருந்தவர் மறுபடியும் பத்திரிகைக்காரராக முடியுமா என்று கேட்கும் கட்டுரையைச் சென்ற இதழில் படித்தேன். முடியவே முடியாது என்று கட்டுரையாளர் அடித்துச் சொல்கிறார். எனக்கு உடனே நினைவுக்கு வந்தவர் பத்திரிகையாளர் குல்தீப் நய்யார்.

சியால்கோட்டில் பிறந்து, பிரிவினையின்போது டெல்லிக்கு வந்தவர். உள்துறை அமைச்சர்களாக இருந்த கோவிந்த வல்லப பந்த், லால் பகதூர் சாஸ்திரி இருவரிடமும் பத்திரிகைத் தொடர்பு அதிகாரியாக வேலை பார்த்தார். அப்புறம் யூ.என்.ஐ. செய்தி நிறுவனம், ஸ்டேட்ஸ்மேன், இந்தியன் எக்ஸ்பிரஸ் நாளிதழ்கள். 1975இல் நெருக்கடி நிலைத் தணிக்கையை எதிர்த்து டெல்லியில் பத்திரிகையாளர்களைக் கூட்டிக் கையெழுத்து வாங்கியதும் இதே மனிதர்தான். விசாரணையின்றிச் சிறையில் வைக்க உதவிய மிசா சட்டத்தில் திகார் சிறைக்குப் போனார். அவர் மனைவி தொடுத்த ஆட்கொணர்வு வழக்கை விசாரித்த டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் அதற்கு விலை கொடுத்தார்கள். ஒருவர் கவுகாத்திக்கு மாற்றப்பட்டார், இன்னொருவர் செஷன்ஸ் கோர்ட்டுக்கே திருப்பி அனுப்பப்பட்டார்.

இந்திரா காந்தியின் தகவல் ஆலோசகராக இருந்த பி.ஜி.வர்கீஸும் அப்படித்தான். 1969இல் இந்துஸ்தான் டைம்ஸ் ஆசிரியரானவர், அதே இந்திராவின் அரசை விமர்சித்து எழுதினார். 1975இல் மகசேசே விருதும் கிடைத்தது, வேலையும் போனது.

சரி, கட்டுரையாளரை மடக்கியாயிற்று என்று நினைத்தால், 1964 மே மாதம் குறுக்கே வந்து நிற்கிறது. நேரு இறந்த கையோடு, பிரதமர் பதவிக்கான போட்டியில் முதலில் குதித்திருப்பவர் மொரார்ஜி தேசாய் என்று யூ.என்.ஐ.யில் ஒரு செய்தி வந்தது. எழுதியவர் நய்யார். சிதையின் சூடு ஆறுவதற்குள் நாற்காலிக்கு அலைகிறார் என்ற பேச்சு மொரார்ஜிக்கு வந்துவிட்டது. அந்த ஒரு செய்தியால் நூறு ஓட்டாவது போயிற்று என்று அவர் ஆட்கள் கணக்குப் போட்டார்கள். நாடாளுமன்றப் படிக்கட்டில் இறங்கிவந்த, போட்டியில் சாஸ்திரியின் பக்கம் நின்ற காங்கிரஸ் தலைவர் காமராஜர், நய்யாரின் காதோரம் நன்றி சொன்னாராம்! இதை எழுதி வைத்திருப்பவரும் நய்யாரேதான். சாஸ்திரிக்கு உதவுவதற்காக அதை எழுதவில்லை என்பது அவர் வாதம். நான் பாதி நம்புகிறேன். ஆனால் பொய்ச் செய்தி எழுத வேண்டுமென்பதில்லையே. எந்த உண்மையை எந்த நாளில் எழுதுகிறோம் என்பதிலேயே பழைய எஜமானரின் பக்கம் சாய்ந்துவிடலாம். 1966 ஜனவரியில் தாஷ்கண்டில் சாஸ்திரி இறந்த இரவிலும் நய்யார் அங்கே இருந்தார். அந்த மரணச் செய்தியை யூ.என்.ஐ.க்குச் சொன்னதும் அவர்தான். அவ்வளவு நெருக்கம்.

பின்னாளில் 1990இல் லண்டனில் இந்தியத் தூதர், 1997இல் மாநிலங்களவை நியமன உறுப்பினர் என்று மறுபடியும் அரசு தந்த இடங்களில் உட்கார்ந்தார். வேண்டாம் என்றிருக்கலாம் என்பது என் எண்ணம். இந்திய-பாகிஸ்தான் நட்புக்காக ஆகஸ்ட் 14 இரவுகளில் வாகா எல்லையில் மெழுகுவர்த்தியோடு நின்ற நய்யாரைத்தான் எனக்குப் பிடிக்கும்.

ஆகவே, திரும்பி வரக் கூடாது என்ற கட்டுரையாளரின் முடிவு எனக்கு ஏற்பில்லை. எங்கிருந்து வருகிறார் என்பது வாசகனுக்குத் தெரிந்தால் போதும். காமராஜர் சொன்ன நன்றியை நய்யாரே எழுதியிருக்காவிட்டால், அந்தச் செய்தியை நான் இன்று இப்படிச் சந்தேகித்திருக்கவே முடியாது.

உயர் அதிகாரிகள் ஓய்வு பெற்றதும் தனியார் நிறுவனத்தில் சேர வேண்டுமென்றால் ஓராண்டு காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் அரசிடம் அனுமதி வாங்க வேண்டும். பேனா பிடிக்க அப்படியொரு தடையை யாரும் கேட்கவில்லை. ஆனால் தலைவர்களின் ஊடக ஆலோசகர்களாக இருந்தவர்கள் உங்கள் இதழில் எழுதும்போது, கட்டுரைக்குக் கீழே ‘மூத்த பத்திரிகையாளர்’ என்று மட்டும் போடுகிறீர்கள். யாரிடம், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை வேலை பார்த்தார் என்று இன்னும் ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். அடுத்த இதழிலிருந்தே செய்யலாம்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகர்,
கும்பகோணம்.