மாத்திரை நேரத்துக்குத் தரப்படாதது குறித்துப் புகார்

பெறுநர்:
மேலாண்மை இயக்குநர் அவர்கள்,
தலைமை அலுவலகம்.

பொருள்: கோயம்புத்தூர் முதியோர் இல்லத்தில் பார்க்கின்சன் நோயாளிக்கு மருந்து தருவதில் நடக்கும் அலட்சியம்

ஐயா,

உங்கள் கோயம்புத்தூர் இல்லத்தில் தங்கியிருக்கும் என் அப்பாவுக்கு வயது 76. கைகால் அசைவைப் பாதிக்கும் நரம்பு நோயான பார்க்கின்சன் உள்ளவர். இல்லத்தின் மேலாளரிடம் நேரிலும் போனிலும் பலமுறை சொல்லிவிட்டேன். "பார்க்கிறோம் மேடம்" என்பதற்கு மேல் எதுவும் நடக்காததால் உங்களுக்கு எழுதுகிறேன்.

நரம்பியல் மருத்துவர் அப்பாவுக்கு எழுதிக் கொடுத்திருப்பது சிண்டோபா மாத்திரை. காலை 7, பகல் 11, மாலை 3, இரவு 7 என்று நான்கு வேளை. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு, வெறும் தண்ணீரில். சேர்க்கும்போதே மருந்துச் சீட்டின் நகலைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அங்கே எல்லாருக்கும் மாத்திரை மூன்று வேளைதான் வருகிறது: காலை டிபனுக்கு அப்புறம், மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம், இரவு படுக்கும் முன். என் அப்பாவின் மாத்திரையும் அந்த வரிசையில்தான் போகிறது. அதுவும் பாலோடு.

சத்து மாத்திரை ஒரு மணி நேரம் தள்ளிப்போனால் ஒன்றும் ஆகிவிடாது. இந்த மாத்திரை அப்படியில்லை. உடல் அசைவுக்குத் தேவையான டோபமைன் என்ற ரசாயனம் மூளையில் குறைந்துபோனதை ஈடுகட்டுவது இதிலுள்ள லெவோடோபா. அது சில மணி நேரம்தான் வேலை செய்யும். அடுத்த வேளை தாமதமானால் கைகால் இறுகிவிடும், நடக்க எழுந்தவர் அடியெடுத்து வைக்க முடியாமல் நின்றுவிடுவார், விழுங்குவதும் சிரமமாகும். பால், பருப்பு, முட்டையிலுள்ள புரதம் இந்த மருந்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். தண்ணீரில் கொடுங்கள் என்று மருத்துவர் எழுதியது அதனால்தான். பிரிட்டனில் 2018-இல் வந்த தர வழிகாட்டுதல், மருத்துவமனையானாலும் பராமரிப்பு இல்லமானாலும் குறித்த நேரத்திலிருந்து 30 நிமிடத்துக்குள் லெவோடோபா கொடுத்தாக வேண்டும் என்கிறது. நம் ஊர் நோயாளியின் நரம்புக்கு வேறு கணக்கா?

விளைவை வரிசையாகச் சொல்கிறேன். இங்கே வரும்போது அப்பா கைத்தடியோடு தானே கழிப்பறைக்குப் போய் வந்தவர். காலை மாத்திரை 9 மணிக்கு மேல் வந்ததால் விடிந்ததிலிருந்து அவரால் எழுந்திருக்க முடியவில்லை. உடனே சக்கர நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவசரத்துக்கு யாரும் வராததால் படுக்கை நனைந்தது, டயப்பர் போட்டார்கள். அதை நேரத்துக்கு மாற்றவுமில்லை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கவுமில்லை. இப்போது இடுப்புக்குக் கீழே தோல் பிய்ந்து படுக்கைப் புண். இத்தனைக்கும் அப்புறம் பில்லில் "கூடுதல் பராமரிப்பு" என்று தனிக் கட்டணம்! உங்கள் அலட்சியம் உண்டாக்கிய வேலைக்கு எங்களிடமே பணம் வாங்குகிறீர்கள்.

வயசானால் அப்படித்தான் என்றார் மேலாளர். சரி, நோய் முற்றுவது எனக்கும் தெரியும். ஆனால் போன வாரம் நான் கூடவே தங்கி, குறித்த நேரத்துக்கு என் கையால் மாத்திரை கொடுத்தேன். முக்கால் மணி நேரத்தில் கைத்தடியை எடுத்துக்கொண்டு கழிப்பறை வரை நடந்தார். உங்கள் டியூட்டி நர்ஸும் அதைப் பார்த்தார்.

இன்னொன்று, மருந்துப் பதிவேடு. அதில் தினமும் காலை 7 மணிக்கு டிக் இருக்கிறது. இரவு ஷிப்ட் 7 மணிக்குக் கிளம்புகிறது, பகல் நர்ஸ் வருவது 8 மணிக்கு. நடுவில் அந்த மாடியில் மாத்திரை கொடுக்க ஆளே கிடையாது. அப்படியானால் அந்த டிக்கைப் போட்டது யார்? பதிவேட்டை நம்பித்தானே மருத்துவர் மருந்தின் அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவு செய்வார். இதை நான் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

ஒருமுறை வாந்தி என்றதும் மெட்டோகுளோபிரமைடு ஊசியும் போட்டிருக்கிறார்கள். அது பார்க்கின்சனை மோசமாக்கும் மருந்து, இந்த நோயாளிகளுக்குத் தவிர்க்க வேண்டியது. கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் நோயின் பெயர் இருந்தும் யாரும் பார்க்கவில்லை.

ஆயாம்மாக்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஒரு மாடி முழுவதையும் ஒருவரே ஓடி ஓடிக் கவனிக்கிறார்; அப்பாவிடம் அன்பாகவும் இருக்கிறார். குறை, போதிய ஆள் போடாத நிர்வாகத்திடம்தான்.

அப்பாவின் மாத்திரை நேரங்களைக் கட்டில் அருகே எழுதி ஒட்டி, கொடுத்த உண்மையான நேரத்தோடு கொடுத்தவர் கையெழுத்திட வேண்டும். காலை 7 முதல் 8 வரை ஒரு நர்ஸ் இருக்க வேண்டும். புண்ணுக்கு உங்கள் செலவில் மருத்துவரை அழைத்துச் சிகிச்சை தர வேண்டும். கூடுதல் பராமரிப்பு என்று வாங்கிய தொகை முழுவதையும் திருப்பித் தர வேண்டும். பதிவேட்டில் பொய்யாக டிக் போட்டது பற்றி எழுத்துப்பூர்வமான விளக்கமும் வேண்டும்; பதிவேட்டின் நகலையும் அதோடு அனுப்புங்கள்.

15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுவேன். மாவட்ட சமூக நல அலுவலரிடமும், முதியோர் உதவி எண் 14567-இலும் புகார் பதிவேன். மாத்திரை நேரத்தைச் சரிசெய்ய மட்டும் அந்த 15 நாள் தேவையில்லை. கடிதம் கைக்கு வந்த அன்றே அதைத் தொடங்குங்கள்.

இப்படிக்கு,
தங்கள் இல்லவாசியின் மகள்

இணைப்பு: மருந்துச் சீட்டு நகல், புண்ணின் புகைப்படங்கள், கட்டண ரசீதுகள்