இடிக்கும் முன் லயத்தை வரைந்துவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையக இளைஞர்கள் பழைய கட்டடங்களை ஓவியமாகவும் நிழற்படமாகவும் ஆக்குவதில் அண்மைக் காலமாகக் காட்டிவரும் ஆர்வம் மகிழ்ச்சி தருகிறது. மூடிக்கிடக்கும் தேயிலைத் தொழிற்சாலை, பாசி படர்ந்த கொழுந்து நிறுக்கும் மடுவம், ஓடு சரிந்த துரை பங்களா என்று அவர்களுக்குப் பொருளுக்குக் குறைவில்லை. ஆயினும் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களை வரையும்போது அங்கே குடியிருப்பவர்களை விட்டுவிட்டுப் பனிமூட்டத்தையும் துருவையும் மட்டும் அழகாக்கிக் காட்டுவது, சித்திர பாடம் கற்பித்து ஓய்வுபெற்ற எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

வயதாகிப் பழுதடைந்த கட்டடம் வேறு, பழுதடையட்டும் என்று கைவிடப்பட்ட கட்டடம் வேறு. கந்தப்பளையில் ஹெதர்செட் தொழிற்சாலை விடுதியாகவும், 1925 இல் கட்டப்பட்ட ஹந்தானைத் தொழிற்சாலை தேயிலை அருங்காட்சியகமாகவும் மாறி இன்றும் நன்கு பேணப்படுகின்றன. பீகொக் தோட்டத்தில் தொழிலாளர் அருங்காட்சியகமாக்கப்பட்டதைப் போன்ற ஓரிரண்டைத் தவிர, லயங்களுக்கு அந்தக் கொடுப்பினை வாய்க்கவில்லை.

லயங்களை அப்படியே காக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஒரு குடும்பமே ஒண்டிக் கிடந்த காலம் போய், சொந்தக் காணியில் தனி வீடு எல்லோருக்கும் கிடைக்கட்டும். லயங்கள் இடிபடுவதே நியாயம். இடிபடும் முன் யாராவது போய் உட்கார்ந்து வரைய வேண்டும் என்பதே என் வேண்டுகோள். மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் வற்றி, அதில் மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோயில் தலைகாட்டும் போதெல்லாம் படமெடுக்க ஓடுகிறோம். அந்த ஊர் ஊராக இருந்த நாளில் அதன் கடைவீதியை வரைந்த சித்திரம் ஒன்றையேனும் நான் கண்டதில்லை.

வரைபவர்கள் தூரத்து மலையை விட்டுவிட்டுச் சுவருக்கு அருகில் வர வேண்டும். அடுப்படிச் சுவரில் காரை பெயர்ந்த இடத்தை உற்றுப் பார்த்தால், தீபாவளிக்குத் தீபாவளி பூசிய பூச்சு அடுக்கடுக்காகத் தெரியும்: மேலே வெள்ளை, அதன் கீழ் நீலம் கலந்த சுண்ணாம்பு, அதற்கும் கீழே மங்கிய மஞ்சள், இடையிடையே புகைக்கரி. இஸ்தோப்பு எனப்படும் முன்விறாந்தையின் தூணில் பிள்ளைகள் கீறிய பெயர்களின் மீது மெல்லிய தாளை வைத்துக் கரித்துண்டால் தேய்த்தாலே எழுத்து அப்படியே தாளில் ஏறிவிடும்; இதற்குக் கைத்தேர்ச்சி கூட வேண்டியதில்லை.

நிறத்துக்கும் கடைக்குப் போக வேண்டாம். தேயிலைச் சாயத்திலுள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். எனவே, துருப்பிடித்த கூரைத் தகரத் துண்டை வினாகிரியில் ஊறவைத்து, அந்த நீரைக் கடுஞ்சாயத்தில் சிறிது சிறிதாகக் கலந்தால் கருநிற மை கிடைக்கும். வகுப்பில் மாணவர்களைக் கொண்டு இதைச் செய்து பார்த்திருக்கிறேன். வெறும் தேநீர்ச் சாயத்தால் தீட்டியவை வெயில் படும் சுவரில் மாட்டினால் நாளடைவில் வெளிறிவிடும் என்பதையும் புதியவர்கள் மனங்கொள்ள வேண்டும்.

ஒரு லயத்தை அகற்றும் திகதியைத் தோட்ட நிர்வாகங்கள் அயலிலுள்ள பாடசாலைகளுக்கு முன்கூட்டியே அறிவிப்பதில் செலவு எதுவும் இல்லை. அப்போது சித்திர பாட மாணவர்கள் அங்கு சென்று, குடியிருந்தவர்களின் அனுமதியோடு ஒவ்வொரு காம்பராவையும் வரைந்து, அதில் யார் யார் வாழ்ந்தார்கள், எந்த மூலையில் சாமிப்படம் இருந்தது, எந்தப் பக்கம் மழை ஒழுகியது என்பதை அவர்கள் வாய்மொழியாகவே படத்தின் கீழ் எழுதலாம். தங்கள் வாரமலரில் மாதம் ஒரு பக்கம் இதற்கு ஒதுக்குவீர்களாயின், முதல் படங்களை ஹட்டன் பகுதி மாணவர்களிடமிருந்து பெற்று அனுப்பும் பொறுப்பை நானே ஏற்றுக்கொள்கிறேன்.

இவ்வண்ணம்,
ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியர்,
ஹட்டன்.